தோப்காப்பி அரண்மனையில் அரண்மனை எங்கே இருக்கிறது?

கடற்கரைவாசி:
வணக்கம். லண்டனிலிருந்து திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் ஒரு பகல் கிடைக்கிறது. நான், கணவர், முழங்கால் வலியுள்ள மாமியார். துருக்கித் தொடர்களைப் பார்த்துப் பார்த்து, தோப்காப்பி அரண்மனைக்குப் போக வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. படங்களைப் பார்த்த எனக்கோ ஏமாற்றம். ஒரு தோட்டம், ஓரங்களில் தாழ்வான கட்டடங்கள், மறுபடியும் ஒரு தோட்டம். இதுதான் அரண்மனை என்று கைகாட்ட ஒரு முகப்புகூட இல்லை. மூன்று கண்டங்களை ஆண்ட சுல்தான்கள் ஏறத்தாழ 400 ஆண்டுகள் இதிலா குடியிருந்தார்கள்? அதே ஊரின் தோல்மாபாஹ்சே அரண்மனையோ படத்திலேயே கண்ணைப் பறிக்கிறது. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதற்குப் போவது?

பழைய வரைபடம்:
அம்மா, முகப்பைத் தேடாதீர்கள். வேண்டாம் என்றே விட்டுவிட்டுக் கட்டிய இடம் அது. நான் கட்டடப் படங்கள் வரைந்தே காலம் தள்ளியவன். தோப்காப்பியின் தரைப்படம் தந்த மகிழ்ச்சியை எந்த மாளிகையின் முகப்பும் எனக்குத் தந்ததில்லை. எனவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1453இல் நகரைப் பிடித்த ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெகமெட் முதலில் ஊருக்கு நடுவில் ஓர் அரண்மனை கட்டினார். சில ஆண்டுகளிலேயே, 1459 வாக்கில், மர்மரா கடலும் பாஸ்பரஸும் பொன்கொம்பு முகத்துவாரமும் சந்திக்கும் முனை மேட்டில் இன்னொன்றைத் தொடங்கினார். அதுதான் இது. திட்டம் எளிமையானது: ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், நடுவில் வாயில்கள். ஒவ்வொரு வாயிலைத் தாண்டும்போதும் உள்ளே வர உரிமை உள்ளவர்களின் தொகை குறையும், சத்தமும் குறையும்.

முதல் முற்றத்தில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். நாணயச்சாலையும், ஆயுதக் கிடங்காக மாற்றப்பட்ட ஹாகியா ஐரீன் தேவாலயமும் அங்கே இருந்தன. அடுத்த வாயிலை, இரண்டு கூம்புக் கோபுரங்கள் கொண்டதை, குதிரைமேல் அமர்ந்தபடி கடக்கச் சுல்தான் ஒருவருக்கே உரிமை. பிரதம வசீரும், அதாவது தலைமை அமைச்சரும், இறங்கித்தான் நடக்க வேண்டும்.

நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டியது இரண்டாம் முற்றத்தில். இடது மூலையில் திவான் மண்டபம் இருக்கிறது. வசீர்களும் நீதிபதிகளும் வாரத்தில் நான்கு நாள் கூடி நாட்டு வழக்குகளைத் தீர்த்த இடம். உள்ளே சுவரின் மேற்பகுதியில் பொன்முலாம் பூசிய கம்பி வலையுடன் ஒரு சாளரம் தெரியும். சுல்தான் அதன் பின்னால் வந்து உட்கார்ந்து கேட்பார், அல்லது வரவே மாட்டார். இன்று ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு பேரரசின் மந்திரிசபை முழுவதையும் ஒழுங்காகப் பேச வைக்க ஒரு சிறிய சாளரம் போதுமாக இருந்தது! இதைவிடச் சிக்கனமான கட்டடக்கலையை நான் கண்டதில்லை. மண்டபத்துக்கு மேலே எழும் கோபுரத்துக்கு நீதிக் கோபுரம் என்று பெயர். தொலைவில் கப்பலில் வருபவர்களுக்கும் அது தெரியும்.

முற்றத்தின் வலப்புறம் முழுவதும் சமையற்கூடங்கள். 1574 தீவிபத்துக்குப் பிறகு அரசவைக் கட்டடக் கலைஞர் சினான் அவற்றைத் திரும்பக் கட்டினார். வரிசையாக நிற்கும் உயரமான புகைபோக்கிகளைக் கவனியுங்கள். தினமும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட இடம். இப்போது சீனப் பீங்கான் வைத்திருக்கிறார்கள். அரண்மனையின் சேகரிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பாத்திரங்கள் உண்டு.

மூன்றாம் வாயிலைத் தாண்டியதும் வழியை மறித்துக்கொண்டு ஒரு சிறிய கட்டடம் நிற்கும். சுல்தான் தூதர்களைச் சந்தித்த அறை அது. தூதர்களின் இரு கைகளையும் காவலர்கள் பிடித்தபடியே உள்ளே அழைத்துப் போவார்கள். அங்கே பேச்சு மிகக் குறைவு. வாய்பேச இயலாத பணியாளர்கள் சைகை மொழியில் பேசினார்கள். சுல்தான் முன்னிலையில் மற்றவர்களும் அதையே கற்றுப் பயன்படுத்தினார்கள். இதே முற்றத்தைச் சுற்றித்தான் பால்கன் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து பிடித்துவந்த சிறுவர்களை அதிகாரிகளாக வளர்த்த பள்ளி நடந்தது. பின்னாளில் பிரதம வசீரான சொகொல்லு மெகமெட் பாஷா அப்படி வந்தவர்.

நான்காம் முற்றம் தோட்டமும் சிறு மண்டபங்களும். பாக்தாத் மண்டபத்தின் சுவர் ஓடுகளைப் பார்த்துவிட்டு, கடல் காற்றில் மாமியாரைச் சற்று உட்கார வையுங்கள். அதற்கு மேல் அங்கே நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சிற்றோடை:
வரைபடம் ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பகல் மட்டும் இருப்பவர்களிடம் தரைப்படத்தை ரசிக்கச் சொல்வது நியாயமா? தோல்மாபாஹ்சேயில் நான்கரை டன் எடையுள்ள சரவிளக்கு தொங்குகிறது. பாஸ்பரஸ் கரையை ஒட்டிய நீளமான பளிங்கு முகப்பு, 285 அறைகள். துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் 1938இல் காலமான அறையும் அங்கேதான். பார்த்தவுடனே அரண்மனை என்று தெரிகிறது. அது குற்றமா?

பழைய வரைபடம்:
குற்றம் இல்லை, கடன். சுல்தான் அப்துல்மெஜித் அதை 1843இல் தொடங்கி 1856இல் குடிபுகுந்தார். இடையில் 1854இல் கிரீமியப் போருக்காகப் பேரரசு முதல் வெளிநாட்டுக் கடனை வாங்கியது. 1875இல் கடனைத் திருப்பித்தர முடியாமல் கைவிரித்தது. ஓர் அரண்மனையால் மட்டும் நேர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐரோப்பியர்கள் பார்த்து வியக்க வேண்டும் என்று கட்டிய வீடு அது. சாளரத்துக்குப் பின்னால் இருந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

கடற்கரைவாசி:
தோப்காப்பிதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் நீங்கள் அந்தப்புரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? மாமியார் அதற்காகத்தான் வருகிறார்.

பழைய வரைபடம்:
வேண்டுமென்றேதான் விட்டேன். தொடர்களில் காட்டும் அந்தப்புரத்துக்கும் அதற்கும் வெகுதூரம். மெகமெட்டின் திட்டத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் ஊர் நடுவில் இருந்த பழைய அரண்மனையில்தான் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெம் இங்கே வந்தார். சுல்தான் மூன்றாம் முராத் காலத்தில் இது பெரிதாக வளர்ந்தது. அதனால்தான் வெளியே முற்றங்கள் அத்தனை ஒழுங்காக இருக்க, அந்தப்புரம் மட்டும் குறுகிய இடைகழிகளும் படிகளுமாகப் பின்னிக் கிடக்கிறது. இடம் போதாமல் அறைக்கு மேல் அறை ஒட்டியிருக்கிறார்கள். 300க்கும் மேற்பட்ட அறைகளில் ஒரு பகுதியைத்தான் பார்க்க விடுவார்கள். வாசலில் ஆண்மை நீக்கப்பட்ட ஆப்பிரிக்கக் காவலர்களின் குடியிருப்பு, பிறகு சுல்தானின் தாயாரின் பகுதி. எல்லா வழிகளும் அந்த அம்மையாரின் வாசலைத் தொட்டே போகும். மாமியாருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சினான் கட்டிய முராதின் அறையில் சுவரோடு சேர்ந்த நீரூற்று உண்டு. தண்ணீர் ஓசையில் பேச்சு வெளியே கேட்காது என்பார்கள்.

இளவரசர்களை அடைத்து வைத்ததும் இங்கேதான். 1595இல் மூன்றாம் மெகமெட் பட்டத்துக்கு வந்ததும் தன் 19 சகோதரர்களைக் கொல்லச் செய்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் கொலைக்குப் பதிலாகப் பெரும்பாலும் காவலைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் சுலைமான் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அப்படி அடைபட்டுக் கிடந்துவிட்டு, 1687இல் அரியணைக்கு அழைக்கப்பட்டார். ஆட்சி செய்ய அவருக்கு யார் என்ன கற்றுக்கொடுத்திருப்பார்கள்? மூன்றாம் முற்றத்தில் அடிமைச் சிறுவர்களுக்கு உயர்ந்த கல்வி, சில சுவர்கள் தள்ளி அரசகுமாரனுக்குப் பூட்டிய அறை. அந்தத் தரைப்படத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான்.

சிற்றோடை:
நடைமுறைத் தகவல் ஒன்று: தோப்காப்பிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, தோல்மாபாஹ்சேக்குத் திங்கட்கிழமை. எந்த நாள் போகிறீர்கள்?

கடற்கரைவாசி:
திங்கட்கிழமை!

பழைய வரைபடம்:
வழக்கு முடிந்தது. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்குள் நேராக அந்தப்புரம், பிறகு திவான் மண்டபம். சமையற்கூடங்களைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். தரையில் கல் பாவிய இடங்கள் நிறைய உண்டு; மாமியாரின் கைத்தடியை மறந்துவிடாதீர்கள்.