புதுப்பிப்பு: வீட்டுக்கான பூல் மேசை

வீட்டில் பூல் (கோலால் பந்துகளை அடித்துக் குழிகளில் தள்ளும் ஆட்டம்) ஆட 8 அடி மேசை வாங்குவதா, 9 அடியா, ஸ்லேட் கல் தளம் அவசியமா, எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகை போதுமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். ஸ்லேட் தளம் கொண்ட 8 அடி மேசையையே வாங்கினேன்.

அளவை முடிவு செய்தது அறைதான். 8 அடி மேசையின் ஆடுபரப்பு 88க்கு 44 அங்குலம். 58 அங்குலக் கியூவுக்கு (பந்தை அடிக்கும் கோல்) நாற்புறமும் இடம் விட்டால், அறை குறைந்தது 17 அடி நீளமும் 13 அடி 4 அங்குல அகலமும் இருக்க வேண்டும். கியூவைப் பின்னிழுக்கவும் இடம் வேண்டுமென்பதால், இதற்கு மேலும் சில அங்குலங்கள் இருப்பது நல்லது.

எம்.டி.எஃப். ஈரப்பதத்தில் உப்பி வளையக்கூடியது. வளைந்துவிட்டால் மேசை வெறும் அலங்காரப் பொருள்தான். 1 அங்குலத் தடிமனில் மூன்று துண்டுகளாக வந்த ஸ்லேட்டை, பொருத்துபவர் துண்டு துண்டாக மட்டம் பார்த்து, அடியில் மெல்லிய ஆப்புகளைச் செருகி, இணைப்புகளில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, இறுகியபின் சுரண்டிச் சமப்படுத்திய பிறகே துணியை இழுத்துப் பொருத்தினார். விலையை ஒப்பிடுபவர்கள் இந்த வேலைக்கான கூலி அதில் அடங்குமா என்று முதலில் கேட்பது நல்லது.

துணியில், பந்து வேகமாக ஓட வேண்டுமென்றால் வொர்ஸ்டட் (முறுக்கிய கம்பளி நூலில் வழவழப்பாக நெய்த) வகையே ஏற்றது. குஷனை, அதாவது பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பைச் சோதிக்க, ஒரே வேகத்தில் பந்தைப் பல இடங்களில் மோதவிட்டுப் பாருங்கள். எங்காவது அது சோம்பலாகத் திரும்பினாலோ சட்டம் அதிர்ந்து ஒலித்தாலோ, அங்கே திருகாணி தளர்ந்திருக்கலாம் அல்லது ரப்பர் சரியாக ஒட்டாமல் இருக்கலாம்.