லேப்டாப்பில் ஓடுகிற குவெரி சர்வரில் 1064 என்கிறது, உதவி தேவை

வட்டைக்காரன் (சம்மாந்துறை):
எங்கள் விவசாய அமைப்புக்குப் பிஎச்பியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். எந்த வட்டை (வயல் பகுதி) எத்தனை ஏக்கர், வாய்க்கால் தண்ணீர் எந்த முறையில் போகும் என்று மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு டேபிள். முறைக்கான கொலத்தின் பெயர் ரேங்க். லேப்டாப்பிலேயே சர்வரை ஓட்டித் தரும் ஸாம்ப் போட்டு ஓட்டினால் பட்டியல் சரியாக வருகிறது. ஹோஸ்டிங்கில் ஏற்றினால் இந்த வரிக்கு 1064, அதாவது குவெரி எழுதிய முறை பிழை என்ற எரர்:

செலக்ட் * ஃப்ரம் வட்டை ஆர்டர் பை ரேங்க்

இம்போர்ட் பிழையில்லாமல் முடிந்தது, டேபிளும் இருக்கிறது. ரேங்கை இரட்டை மேற்கோளுக்குள் போட்டேன். எரர் போய்விட்டது, ஆனால் கடைமடை வட்டை முதலில் வந்து நிற்கிறது. பெரும்போகக் கூட்டத்தில் இதைக் காட்டினால் மண்வெட்டி என் பக்கம்தான் திரும்பும்.

கிரான்குளத்தான்:
கொமா எங்காவது விட்டுப் போயிருக்கும், பாருங்க.

வாவிக்கரை (மட்டக்களப்பு):
கொமா இல்லை. தம்பி, இரண்டு இடத்திலும் செலக்ட் வெர்ஷன்() ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்.

வட்டைக்காரன்:
சர்வரில் 8.0. லேப்டாப்பில் 10.4, கூடவே மரியாடிபி என்று வருகிறது. ஸாம்ப் பேனலில் மைஎஸ்கியூஎல் என்றுதானே இருக்கிறது அண்ணா?

வாவிக்கரை:
பேனலில் பழைய பெயர்தான் கிடக்கிறது. 2015இலேயே ஸாம்ப், மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபிக்கு மாறிவிட்டது. அதில் ரேங்க் சாதாரணச் சொல். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0இல் விண்டோ ஃபங்ஷன்கள் (வரிகளுக்குத் தரவரிசை போன்றவற்றைக் கணக்கிடுபவை) சேர்ந்தபோது ரேங்க், குரூப்ஸ், லீட், லேக் எல்லாம் ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன, குறி போடாமல் பெயராக எழுத முடியாது. இம்போர்ட் ஏன் தடுக்கவில்லை என்றால், டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் எடுத்துத் தரும் ஃபைலில் ஒவ்வொரு பெயரும் பேக்டிக் (`) குறிக்குள் இருக்கும். நீங்கள் கையால் எழுதிய குவெரியில் அது இல்லை.

கீபோர்டில் 1க்கு இடப்பக்கம் இருக்கிற குறி அதுதான். இப்படிப் போடுங்கள்:

செலக்ட் * ஃப்ரம் வட்டை ஆர்டர் பை `ரேங்க்`

இரட்டை மேற்கோள் மைஎஸ்கியூஎல்லில் வழக்கமாக வெறும் எழுத்துச்சரம். எல்லா வட்டைக்கும் ஒரே சொல்லை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் அது எதை வரிசைப்படுத்தும்? எரர் காட்டாமல் தப்பாக ஓடுகிற இந்த நிலைதான் 1064ஐ விட மோசம். போஸ்ட்கிரெஸ் என்கிற வேறு டேட்டாபேஸில் கொலப் பெயருக்கு இரட்டை மேற்கோள்தான் சரி, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் சதுர அடைப்பும் செல்லும். இதனால்தான் இணையத்தில் ஆளுக்கொரு விடை கிடைக்கிறது.

வட்டை.ரேங்க் என்று புள்ளி வைத்து எழுதினாலும் ஓடும், புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பெயராகவே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் என்னைக் கேட்டால் கொலத்தின் பெயரையே நீர்முறை என்று மாற்றிவிடுங்கள். நாளைக்கு வேறு யாராவது குவெரி எழுதினால் பேக்டிக் போட மறப்பார்கள்.

வட்டைக்காரன்:
பேக்டிக் போட்டதும் தலைமடை முதலில் வந்துவிட்டது! பெயரை இரவைக்கு மாற்றுகிறேன். டேட் என்றும் ஒரு கொலம் இருக்கிறது, அதையும் மாற்றவா?

வாவிக்கரை:
டேட், டைம், டெக்ஸ்ட் மூன்றையும் மைஎஸ்கியூஎல் சும்மா விட்டுவிடும். விளக்கத்துக்கு டெஸ்க் என்று சுருக்கி ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அது இறங்குவரிசைக்கான சொல், இரண்டு இடத்திலும் மாட்டும்.

வட்டைக்காரன்:
அதை முழுப் பெயராகவே வைத்திருக்கிறேன், தப்பித்தேன். நன்றி அண்ணா.