தனுஷ்கோடி வெயிலில் வெளி ஃப்ளாஷ் எரிய மறுக்கிறது: ட்ரிகர் மட்டும் வாங்கினால் போதுமா?

கேள்வி (கீழக்கரையிலிருந்து)

நண்பர்களுக்கு வணக்கம். நான்கு ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன். கேமராவிலேயே உள்ள பாப்-அப் ஃப்ளாஷைக் கட்டளை முறையில் வைத்து, அதன் மினுக்கலால் ஸ்டாண்டில் நிற்கும் வெளி ஃப்ளாஷை எரிய வைப்பதுதான் என் வழக்கம். மண்டபத்துக்குள் இந்த ஏற்பாடு ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் சென்ற வாரம் தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்துக்கு வெளியே மணமக்களை நிறுத்தி, நாலரை மணி வெயில் அவர்கள் முதுகில் விழும்படி எடுத்தபோது, பத்துப் படங்களில் மூன்றுக்கு மட்டுமே ஃப்ளாஷ் எரிந்தது. இடைவெளி ஏழு மீட்டர்தான், பேட்டரியும் புதியது. தேவாலயச் சுவர்களுக்கு நடுவே, நிழலுக்குள் வந்ததும் அதே ஃப்ளாஷ் ஒழுங்காக எரிந்தது. மணப்பெண்ணின் முகம் இருண்டுபோன அந்த ஏழு படங்களைக் குடும்பத்தாரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஃப்ளாஷையே மாற்ற வேண்டுமா, ரேடியோ ட்ரிகர் (ஒளிக்குப் பதில் ரேடியோ அலையால் ஃப்ளாஷை எரிய வைக்கும் கருவி) மட்டும் வாங்கினால் போதுமா? அடுத்த மாதம் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் இன்னொரு படப்பிடிப்பு இருக்கிறது.

மறுமொழி 1 (பாம்பனிலிருந்து)

உங்கள் ஃப்ளாஷில் பழுது எதுவும் இல்லை. சுவருக்குள் எரிந்து வெளியே எரியாததிலேயே காரணம் தெரிகிறது. நீங்கள் அனுப்புவது ஒளிச் சைகை. மண்டபத்தில் அது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, எந்தப் பக்கமிருந்தாவது ஃப்ளாஷின் உணர்வியைச் சென்றடைந்துவிடும். தனுஷ்கோடியிலோ ஒரு பக்கம் ஆண் கடல் (மன்னார் வளைகுடா), மறுபக்கம் பெண் கடல் (பாக் நீரிணை), நடுவில் வெறும் மணல். பட்டுத் திரும்ப ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, உணர்வியின் சிறு கண்ணாடியில் நேர் வெயில் விழும்போது, அந்த வெளிச்சத்துக்குள் உங்கள் மினுக்கல் கரைந்துவிடுகிறது.

கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டுமானால், ஃப்ளாஷின் உடலைத் திருப்பி உணர்வி கேமராவைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, தலையை மட்டும் மணமக்கள் பக்கம் திருப்புங்கள். உணர்விக்கு மேல் ஓர் அட்டையை நிழலுக்கு ஒட்டுங்கள். ஆனாலும் தொழிலுக்கு இதை நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேனான் 2012இல் 600இஎக்ஸ்-ஆர்டி ஃப்ளாஷிலும், நிக்கான் 2016இல் எஸ்பி-5000 ஃப்ளாஷிலும் ரேடியோவை உள்ளேயே வைத்துக் கொடுத்தன. அதற்காக நீங்கள் ஃப்ளாஷை மாற்ற வேண்டியதில்லை. கேமராவில் மாட்டும் ட்ரிகரும் ஃப்ளாஷில் மாட்டும் ரிசீவரும் கொண்ட ஒரு ஜோடி போதும்.

ட்ரிகர் வந்ததும் அடுத்த சிக்கல் தொடங்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 நொடி என்று வைத்தால் லென்ஸின் துவாரம் ஏறக்குறைய எஃப் 11 ஆகிவிடும் (எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும்). கைட் எண் (ஃப்ளாஷின் வலிமையைக் காட்டும் எண்; இதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் வரும்) 36 உள்ள ஃப்ளாஷ், முழு ஆற்றலில் எரிந்தாலும் எஃப் 11இல் 3.3 மீட்டர்வரைதான் சரியான வெளிச்சம் தரும். ஆகவே ஏழு மீட்டரில் அது எரிந்திருந்தாலும் முகம் முழுதாகத் தெளிந்திருக்காது. ஸ்டாண்டை அருகில் கொண்டுவாருங்கள். பின்புலம் மங்கலாக வேண்டும் என்பதற்காகத் துவாரத்தைப் பெரிதாக்கி, எச்எஸ்எஸ் முறைக்கு (மிக வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷை எரிய வைக்கும் முறை) போனால் ஷட்டரின் இடுக்கு நகரும் நேரம் முழுவதும் ஃப்ளாஷ் துடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் ஆற்றல் வெகுவாகக் குறையும். லென்ஸுக்கு முன்னால் மூன்று ஸ்டாப் என்டி வடிகட்டி (ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் ஷட்டரை மாற்றாமலே எஃப் 4க்கு இறங்கலாம். ஃப்ளாஷிடம் கூடுதல் ஆற்றலும் கேட்க வேண்டாம். நான் கடற்கரையில் இந்த இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகிறேன்.

மறுமொழி 2 (மண்டபத்திலிருந்து)

தம்பி, பாம்பன் நண்பர் சொன்னவை அனைத்தும் சரி. ரேடியோ வாங்கிய பிறகும் ஃப்ளாஷ் எரியாத நாள் வரும். அன்று பதறாமல், முதலில் ட்ரிகரில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கு எரிந்து, ஷட்டருக்கு எரியவில்லை என்றால், ரேடியோவில் குறை இல்லை. கேமராவின் ஹாட் ஷூவுக்கும் (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) ட்ரிகருக்கும் இடையே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். நம் கடற்கரையில் இது சாதாரணம். போன கச்சான் காற்று (மேல்காற்று) காலத்தில் விசைப்படகில் எடுத்தபோது எனக்கும் இப்படித்தான் ஆனது. கழற்றிப் பார்த்தால், ட்ரிகரின் அடியில் இருக்கும் நடு முள்ளைச் சுற்றி இளம்பச்சையாக உப்புப் பூத்திருந்தது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது.

டெஸ்டுக்கே எரியவில்லை என்றால் ட்ரிகரும் ரிசீவரும் ஒரே சேனலில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஃப்ளாஷ் உறக்க நிலைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நடுவில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இந்த ட்ரிகர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், மனித உடலும் பெரும்பகுதி தண்ணீர்தான். மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், மணலை ஒட்டித் தாழ்வாக ஃப்ளாஷை மறைத்து வைத்தால் சைகை போய்ச் சேராமல் போகலாம். ரிசீவரைத் தலைக்கு மேலே உயர்த்துங்கள். உயர்த்தினால் காற்று தள்ளும் என்பதால், அரிசிச் சாக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே மணலை நிரப்பி ஸ்டாண்டின் காலில் கட்டுங்கள். அரிச்சல்முனையில் ஃப்ளாஷ் ஒளியை மென்மையாக்கும் குடையை மட்டும் விரிக்க வேண்டாம்.

மறுமொழி 3 (இராமநாதபுரத்திலிருந்து)

ஒரே ஓர் எச்சரிக்கை. பிலிம் காலத்துப் பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றின் ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட மின்னழுத்தம் இருக்கும். விலை மலிவு என்று அப்படி ஒன்றை இரண்டாவது விளக்காக வாங்கினால், மல்டிமீட்டரில் அளந்து பார்க்காமல் டிஜிட்டல் கேமராவிலோ ரிசீவரிலோ இணைத்துவிடாதீர்கள்.

கேட்டவர் மீண்டும்

அனைவருக்கும் நன்றி. எளிய ரேடியோ ட்ரிகர் ஒரு ஜோடி வாங்கி, நேற்று மூன்று மணி வெயிலில் இங்கே கீழக்கரைக் கடற்கரையிலேயே சோதித்தேன். முப்பது படங்களில் இருபத்தொன்பதற்கு எரிந்தது. எரியாத அந்த ஒன்றில், உதவிக்கு வந்த என் தம்பி சரியாக ரிசீவருக்கு முன்னால் நின்றிருந்தான். ஷட்டரை 1/250இல் வைத்தால், ஃப்ளாஷ் எரியும்போது ஷட்டர் முழுதாகத் திறந்திருக்காததால், படத்தின் கீழ் விளிம்பில் மெல்லிய கறுப்புப் பட்டை விழுகிறது. 1/200இல் அது இல்லை. ஃப்ளாஷின் ஆற்றலைக் கேமராவே அளந்து வைக்கும் தானியங்கி அளவு இந்த ட்ரிகரில் வேலை செய்யாததால் ஆற்றலைக் கையால்தான் வைக்கிறேன். ஸ்டாண்டை இரண்டரை மீட்டருக்குக் கொண்டுவந்து, வடிகட்டியோடு எஃப் 4இல், பாதி ஆற்றலிலிருந்து தொடங்கி முழுமைக்கு ஏற்றியபோது தம்பியின் முகம் தெளிவாக வந்தது. மண்டபத்து அண்ணன் சொன்னபடி கேமராவின் ஹாட் ஷூவை அழிப்பானால் தேய்த்தேன். வெள்ளை அழிப்பானில் கறுப்பும் பச்சையுமாக அழுக்கு வந்தது.