ரோம் 2009 உலக நீச்சல் போட்டி, ஆடவர் 200 மீட்டர் ஃபிரீஸ்டைல் இறுதி: கண்டவர்கள் எழுதுங்கள்

கரையோரத்தான்:
வேலை நிமித்தமாக ரோமில் இருந்த நான், 2009 ஜூலை 28 மாலை ஃபோரோ இத்தாலிக்கோ குளத்தின் மேல்வரிசையில் இடம்பிடித்தேன். முடிவை அனைவரும் அறிவீர்கள்: ஜெர்மனியின் பீடர்மான் உலக சாதனையாக 1:42.00, அமெரிக்காவின் ஃபெல்ப்ஸ் 1:43.22. என்னை இன்றும் விடாமல் உறுத்துவது அந்த நேரக் கணக்கன்று, ஒரு காட்சி. கடைசி ஐம்பது மீட்டரில் பீடர்மானின் கறுப்பு உடையணிந்த முதுகு, நீரில் அமிழ்ந்தும் எழுந்தும் வரும் மனித முதுகைப் போல இல்லாமல், கவிழ்த்துப் போட்ட ஓடத்தின் அடிப்புறம் போல மேலேயே நின்று பளபளத்தது. பக்கத்தில் உடல் முழுவதும் உழைத்துக்கொண்டிருந்தவர் ஃபெல்ப்ஸ். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்று ஓராண்டுகூட ஆகாதவர், இரண்டு மீட்டருக்கும் மேல் பின்தங்கிச் சுவரைத் தொட்டார். அரங்கில் எழுந்த ஆரவாரத்தில் பாதி வியப்பு, பாதி ஐயம். நானும் கைதட்டினேன், எதற்காகத் தட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஹாலேவாசி:
பீடர்மான் பிறந்த ஹாலே நகரில்தான் அப்போது குடும்பத்துடன் இருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னர் 400 மீட்டரில் அவர் 3:40.07 நீந்தி, ஆஸ்திரேலியர் இயன் தோர்ப் 2002இல் மான்செஸ்டரில் நிறுவிய சாதனையை நொடியின் நூறில் ஒரு பங்கால் முறியடித்தபோதே எங்கள் தெருவில் வேறு பேச்சில்லை. 200 மீட்டருக்கு மறுநாள் காலை மகளைக் குளத்துக்குக் கூட்டிச் சென்றேன். அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் முதியவரிடம் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தம் சட்டை நுனியை இரு விரல்களால் பிடித்து இழுத்துக் காட்டி, “உடுப்பு” என்று பொருள்படும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டார். சொந்த ஊர்ப் பையன் உலக சாதனை படைத்த மறுநாளே ஊர்க்காரர் ஒருவர் இப்படி நடந்துகொண்டது எனக்கு வலித்தது. வென்றது பையன் மட்டுமன்று, மிதக்க வைக்கும் அந்த உடையும்தான் என்று அவர் காட்டியது பொய்யன்று என்பது இன்னும் வலித்தது.

பயிற்சியாளன்:
மேலே இருவரும் உடையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நான் அந்தப் போட்டியைக் கணினியில்தான் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாரம், ஆகஸ்ட் 1 அன்று, ஃபெல்ப்ஸ் தம் பழைய ஸ்பீடோ நிறுவன உடையிலேயே 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் 49.82 நொடியில் உலக சாதனை படைத்தார். அவரிடம் தோற்ற செர்பியர் சாவிச் அணிந்திருந்தது பீடர்மான் அணிந்த அதே அரேனா நிறுவன உடை. இதற்கு என்ன சொல்வீர்கள்? பெய்ஜிங்குக்குப் பிறகு ஃபெல்ப்ஸ் பல மாதம் குளத்துப் பக்கமே வராமலிருந்ததையும், இடையில் மூன்று மாதத் தடைக்கு உள்ளானதையும் ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

இங்கே பெற்றோர் பலர் இருப்பார்கள் என்பதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்முன் விலையுயர்ந்த போட்டி உடை வாங்கித் தராதீர்கள். எங்கள் மாணவன் ஒருவனுக்கு அவன் தந்தை கடன் வாங்கி இறுக்கமான உடை ஒன்று வாங்கினார். மாவட்டப் போட்டியன்று அரைமணி நேரம் போராடி அணிந்தவன், தொடக்க மேடையில் குனிந்தபோது அது இடுப்புக்குக் கீழே கிழிந்தது. அந்தப் பணத்தில் ஓராண்டுப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியிருக்கலாம். முதலில் சுவரருகே திரும்பலைச் சரிசெய்யுங்கள். சுவரை உதைத்த பின் உடலை அம்பு போல நீட்டி வைத்திருக்கப் பழக்குங்கள். மூச்செடுக்கத் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் உருட்டச் சொல்லுங்கள், ஏனெனில் தலை உயர்ந்தால் இடுப்பு தாழும். வாரம் ஒருமுறையாவது கைவீச்சுகளை எண்ணச் செய்யுங்கள். இவை எதற்கும் கடையில் விலை கிடையாது.

ஹாலேவாசி:
பயிற்சியாளருக்கு: பெய்ஜிங்கில் இதே 200 மீட்டரில் பீடர்மான் 1:46.00 நீந்தி ஐந்தாமிடம் பெற்றார். ஓராண்டில் நான்கு நொடிகளைத் திரும்பலும் மூச்சும் தந்தன என்கிறீர்களா? பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற செயற்கைப் பொருளால் முழுவதும் ஆன உடை உடலை இறுக்கி, மிதக்கவும் வைத்தது. உடற்கட்டு பெருத்தவர்களுக்குப் பயன் கூடுதல். அந்த ஒரே தொடரில் 43 உலக சாதனைகள் வீழ்ந்தன. உலக நீச்சல் கூட்டமைப்பு அவ்வுடைகளைத் தடைசெய்ய முடிவெடுத்ததோ ஜூலை 24 அன்று, அதே ரோமில், குளத்தில் நீச்சல் பந்தயங்கள் தொடங்கும் முன்பே. நடைமுறைக்கு வந்ததுதான் 2010 ஜனவரி 1. 2011இல் ஷாங்காயில் துணி உடையில் இருவரும் மீண்டும் மோதியபோது ஃபெல்ப்ஸ் 1:44.79, பீடர்மான் 1:44.88. என் ஊர்ப் பையனைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. துணி உடையிலும் அவர் உலகப் பதக்கம் வென்றவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எட்டாம்தடம்:
நான் பார்த்தது வேறு ஆண்டு, அதே குளம். 2022 ஆகஸ்ட் ஐரோப்பியப் போட்டியில், இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலான துணி உடையில், பதினேழு வயது ருமேனியர் பொப்போவிச் 200 மீட்டரை 1:42.97இல் முடித்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் 100 மீட்டரில் பிரேசிலின் சியெலோ 2009இல் அங்கேயே நிறுவிய 46.91ஐ 46.86ஆகக் குறைத்திருந்தார். ஆகவே 200 மீட்டரிலும் அது நடக்கும் என்று நம்பி எழுந்து நின்றிருந்தோம். பலகையில் எண் தோன்றியதும் அருகிலிருந்த இத்தாலியர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சற்றே விலக்கி, ‘இவ்வளவுதான்’ என்று சைகை காட்டினார். பீடர்மானின் 1:42.00க்கு அந்த ‘இவ்வளவு’ 0.97 நொடி.

கரையோரத்தான்:
பயிற்சியாளரே, அறிவுரையை நான் கேட்கவில்லை. என் மகள் சதுரங்கம் ஆடுகிறாள். ஆனால் சாவிச் பற்றிச் சொன்னது நியாயம், அதற்கு என்னிடம் பதிலில்லை. நான் எழுத விட்டது ஒன்று உண்டு. முடிவு வந்தபின் ஃபெல்ப்ஸ் பலகையைப் பார்த்துக்கொண்டே நீரில் நின்றார். என் முன்வரிசையில் அமெரிக்கக் கொடியுடன் வந்திருந்த சிறுவன், அதை விரிக்கவா மடிக்கவா என்று தெரியாமல் தன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். தந்தையும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.