சொந்தமாகத் தொகுத்த லினக்ஸ் கெர்னல் பூட் ஆகாமல் நின்ற அனுபவங்கள்: சிங்கப்பூர்ப் பயனர்கள் எழுதியவை

ஈசூனிலிருந்து:

இது சென்ற சீனப் புத்தாண்டு விடுமுறையில் நடந்தது. இன்னும் மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். மடிக்கணினியில் இருந்த உபுண்டு லினக்ஸின் கெர்னலுக்குப் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிலாக, எனக்குத் தேவையற்ற டிரைவர்களை எல்லாம் நீக்கி, மெனுகான்ஃபிக் என்ற விருப்பப் பட்டியலில் வரி வரியாகப் பார்த்து ஒரு கெர்னலைத் தொகுத்தேன். பிஇசட்இமேஜ் என்ற கெர்னல் கோப்பை நானே பூட் அடைவில் நகலெடுத்து வைத்து, எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று தேர்வு செய்யும் கிரப் பட்டியலிலும் கையாலேயே ஒரு பதிவைச் சேர்த்தேன். வட்டு கிடைப்பதற்கு முன்பே நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாம் என்றும் நானே முடிவு செய்தேன்.

மறுதொடக்கத்தில் வந்த திரையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ரூட் (முதன்மை) கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய (இணைக்க) இயலவில்லை, அன்நோன்-பிளாக் 0,0 (எந்த வட்டுச் சாதனம் என்று தெரியவில்லை), கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் மேற்கொண்டு இயங்க முடியாமல் நின்றுவிட்டது. அதற்குச் சற்று மேலே, சரியான ரூட் விருப்பத்தைக் கொடுக்கும்படியும் இருக்கின்ற பார்ட்டிஷன்கள் (வட்டின் பிரிவுகள்) இவைதாம் என்றும் கெர்னல் அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பின் கீழ் ஒரு பார்ட்டிஷன்கூட இல்லை. வரி முடிந்த இடத்திலிருந்து வெறும் கறுப்பு. அந்த வெற்றிடத்தைக் கண்டதும் என் எஸ்எஸ்டி வட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

விடுமுறை முடிந்து கடைகள் திறந்த முதல் நாளே சிம் லிம் சதுக்கத்துக்குப் போய்ப் புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வந்தேன். மனைவியின் கணினியில் யூஎஸ்பி பெட்டிவழி பழையதை இணைத்துப் புதியதற்கு முழுமையாக நகலெடுத்தபோது ஒரு வாசிப்புப் பிழைகூட வரவில்லை. செத்துப்போன வட்டு எப்படி இவ்வளவு ஒழுங்காக வாசிக்கப்படுகிறது என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், புதியதை மடிக்கணினியில் பொருத்தி விசையை அழுத்தினேன். அதே பேனிக், அதே இரண்டு பூஜ்யங்கள், அதே வெற்றிடம்.

என் எஸ்எஸ்டியை இயக்கும் என்விஎம்இ டிரைவரை நான் 'ஒய்' என்று கெர்னலுக்குள்ளேயே சேர்க்காமல் 'எம்' என்று மாட்யூலாக (தனிக் கோப்பாக) விட்டிருந்தேன். அந்த மாட்யூல் இருந்ததோ, எதை வாசிக்க அது தேவையோ அந்த வட்டிலேயேதான்; பெட்டியைப் பூட்டிச் சாவியையும் அதற்குள்ளேயே வைத்ததற்குச் சமம். இனிட்ராம்எஃப்எஸ் இருந்திருந்தால் மாட்யூல் அதன்வழி நினைவகத்துக்கு முன்கூட்டியே வந்திருக்கும். பழைய கெர்னலும் கிரப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. வேகமாக பூட் ஆகட்டும் என்று பட்டியலை மறைத்துக் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தவன் நான்தான். எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் தோன்றவில்லை.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து:

என்னுடையது அலுவலகச் சோதனை சர்வர். வீட்டிலிருந்தபடி எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு மூலம் கெர்னலைத் தொகுத்து நிறுவி, ரீபூட் கட்டளையைக் கொடுத்துவிட்டு, இன்னொரு முனையத்தில், சர்வர் பதிலளிக்கிறதா என்று சோதிக்கும் பிங் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில்கள் நின்றன, அது எதிர்பார்த்ததுதான். சர்வர்கள் மெதுவாக எழும் என்பதால் ஐந்து நிமிடம் பொறுத்தேன், பத்து நிமிடம் பொறுத்தேன், அரை மணி நேரம் ஆயிற்று. கடைசி ரயிலும் போய்விட்டிருந்ததால் டாக்சி பிடித்துத் தரவு மையத்துக்குப் போனேன்.

காரணம் பூட் பார்ட்டிஷனில் இடம் தீர்ந்ததுதான். பிழைதிருத்தத் தகவல்களோடு தொகுத்த மாட்யூல்கள் ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்திருந்தன. வழக்கமாக 60 மெகாபைட்டுக்குள் அடங்கும் இனிட்ராம்எஃப்எஸ் 400 மெகாபைட்டைத் தாண்டியதால் கோப்பு உருவாகவே இல்லை. மாட்யூல்களை நிறுவும் கட்டளையில் இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 என்று சேர்த்திருந்தால் அந்தச் சுமை நீங்கியிருக்கும். 'இடமில்லை' என்ற பிழைச்செய்தி என் முனையத்திலேயே வந்திருக்கிறது. கட்டளைகளை அரைப்புள்ளியால் கோத்து வரிசையாக ஓட விட்டிருந்ததால், அந்த வரி மேலே ஓடி மறைந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி மேலே உருட்டிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

ஆனால் என்னை உறுத்துவது அதுவன்று. விடியற்காலையில் மூத்த சக ஊழியர் ஒருவரிடம் விவரத்தைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "கிரப்-ரீபூட் கொடுத்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். கிரப்பின் இயல்பிருப்பை 'சேவ்டு' என்று அமைத்து, பழைய கெர்னலையே இயல்பாக வைத்துக்கொண்டு, புதியதை அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் தேர்ந்தெடுக்க அந்தக் கட்டளை உதவும். கெர்னல் வரியில் பேனிக்=30 என்றும் சேர்த்துவிட்டால், பேனிக் வந்த முப்பதாவது விநாடியில் இயந்திரம் தானே மறுதொடக்கம் செய்து பழைய கெர்னலுக்குத் திரும்பிவிடும். இரண்டே இரண்டு சொற்களைத் தட்டச்சு செய்திருந்தால் அந்த இரவில் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டியதில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து:

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்ட சிறிய மேசைக்கணினி ஒன்றில், மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுத்துக் கெர்னலைத் தொகுத்தேன். கிரப் பட்டியலில் அம்புக்குறி விசைகள் வேலை செய்தன. அடுத்து வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் வரி வந்தது. அங்கே எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை. சற்று முன்புவரை இயங்கிய விசைப்பலகை அடுத்த திரையில் எப்படி இறந்துபோகும் என்று எத்தனை முறை கழற்றிச் சொருகியிருப்பேனோ தெரியாது. கிரப்பில் விசைப்பலகையை இயக்கியது கணினியின் பலகையிலேயே இருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்; கெர்னல் பொறுப்பேற்ற பிறகு அதற்கு, விசைப்பலகை போன்ற சாதனங்களுக்கான யூஎஸ்பி எச்ஐடி டிரைவர் வேண்டும். தொகுத்த நாளில் நான் எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்ததால், விசைப்பலகை கணினியில் செருகப்பட்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருந்த மாட்யூல்களை மட்டுமே அந்தக் கட்டளை வைத்துக்கொள்ளும் என்பதால், விசைப்பலகையின் டிரைவர் கழிக்கப்பட்டுவிட்டது.

இனி ஈசூன் நண்பருக்கு. உங்கள் முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை. 0,0 என்று வந்தாலே டிரைவர் இல்லை என்று பொருள் கொள்வது தவறு. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத நிலையில், ரூட்=யூயூஐடி (கோப்பு முறைமையின் தனி அடையாள எண்) என்று கொடுத்தால் அதைப் புரிந்துகொள்ளும் திறன் கெர்னலுக்குக் கிடையாது; கோப்பு முறைமையின் யூயூஐடியைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ள நிரல்களின் வேலை. கெர்னல் தானாக அறிவது சாதனப் பெயரையும் பார்ட்யூயூஐடி போன்ற பார்ட்டிஷன் அடையாளங்களையும்தான். ஆகவே டிரைவர் ஒழுங்காக இருந்தும் இதே 0,0 வரலாம். கிரப் பதிவைக் கையால் எழுதியவர் பழைய பதிவிலிருந்து யூயூஐடியை அப்படியே நகலெடுத்திருப்பார் என்பது என் ஊகம்.

யாரும் கேட்கவில்லை என்றாலும், இனித் தொகுக்கப்போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். லோக்கல்மாட்கான்ஃபிக் 2009 இல் வெளிவந்த 2.6.32 கெர்னலிலிருந்தே இருக்கிறது, பயனுள்ளதுதான். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன்பு, எப்போதாவது பயன்படுத்தும் விசைப்பலகை, யூஎஸ்பி நினைவகம், வெளித்திரை, நெட்வொர்க் அடாப்டர் என அனைத்தையும் ஒருமுறை செருகி வையுங்கள். லோக்கல்வெர்ஷன் என்ற விருப்பத்தில் கெர்னலின் பெயருக்கு உங்களுக்கென்று ஒரு பின்னொட்டைத் தவறாமல் கொடுங்கள். பழைய கெர்னலும் புதியதும் ஒரே பெயரில் இருந்தால், புதிய மாட்யூல்கள் பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டு, மீட்புக்கென்று நம்பியிருந்த கெர்னலும் சேர்ந்து கெட்டுவிடும். இதைவிடக் கொடுமையான நிலை வேறில்லை என்பது என் கருத்து. வெறுமையிலிருந்து தொடங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பை எடுத்து மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் (புதிய விருப்பங்களுக்கு இயல்பு மதிப்புகளை நிரப்பும் கட்டளை) கொடுத்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரே அமர்வில் நூறு விருப்பங்களை அணைத்துவிட்டால், எது கழுத்தை அறுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பூட் வரியிலிருந்து, செய்திகளை மறைக்கும் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் எடுத்துவிட்டு, எல்லாச் செய்திகளையும் காட்டும் இக்னோர்_லாக்லெவல் சேருங்கள். செய்திகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடினால் கைப்பேசியில் காணொளியாகப் பதிவுசெய்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

ஈசூனிலிருந்து மீண்டும்:

உட்லண்ட்ஸ் நண்பர் சொன்ன யூயூஐடி விவரம் சரியானதே. ஆயினும் அவருடைய ஊகம் எனக்குப் பொருந்தாது. அன்றைய திரையைக் கைப்பேசியில் படமெடுத்திருந்தேன். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். யூயூஐடி மட்டும்தான் கோளாறு என்றால், இருக்கின்ற பார்ட்டிஷன்களின் பட்டியலில் என் வட்டின் பெயர் வந்திருக்க வேண்டும். என் படத்தில் பட்டியல் காலியாக இருக்கிறது, அதாவது கெர்னல் வட்டையே காணவில்லை. 0,0 ஐப் பார்த்தவர்கள் அதோடு நிற்காமல் பட்டியலையும் பாருங்கள்: பெயர்கள் இருந்தால் ரூட் வரியைத் திருத்துங்கள், காலியாக இருந்தால் டிரைவரைத் தேடுங்கள்.

தெம்பனிஸிலிருந்து:

என் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் திரையே கிடையாது. வீட்டு மின்விசிறிகளைக் கட்டுப்படுத்தும் பலகை அது. தொகுத்த கெர்னலை அட்டையில் எழுதி மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு சிமிட்டி நின்றது, மறுபடி சிமிட்டியது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள்தான், "அப்பா, ஒவ்வொரு முறையும் ஏழு" என்றாள். ஏழு குறுஞ்சிமிட்டல் என்றால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். கான்ஃபிக் கோப்பில் நான் எழுதிய பெயரும் அட்டையில் இருந்த கோப்பின் பெயரும் ஓரெழுத்து வேறுபட்டிருந்தன.

பெயரைத் திருத்தினேன், ஏழு சிமிட்டல் நின்றது, ஆனால் வேறெதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் அது மேசையில் அப்படியே கிடந்தது. கெட்டுவிட்டது என்று எடுத்துவைக்கவும் இருந்தேன். மூன்றாம் நாள், பலகையின் செய்திகளை வேறு கணினியில் பார்க்க உதவும் 3.3 வோல்ட் சீரியல் கம்பி ஒன்று வாங்கி, 6 ஆம் பின்னில் கிரவுண்டையும் 8, 10 ஆம் பின்களில் மற்ற இரண்டையும் இணைத்து, யூஏஆர்டியை (சீரியல் இணைப்பை) இயக்கி, 115200 வேகத்தில் முனையத்தைத் திறந்தேன். பூட் செய்திகள் வரிசையாக வந்து, ரூட் சாதனத்துக்காகக் காத்திருக்கிறேன் என்ற வரியில் நின்றன. எஸ்டி அட்டையின் டிரைவரை மாட்யூலாக்கிவிட்டேன். ஈசூன் நண்பர் செய்த அதே பிழை. பையின் பூட் வரியில் ரூட்வெயிட் இருப்பதால் அங்கே பேனிக் வராது, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். உயிரோடு இருந்து காத்துக்கொண்டிருந்த ஒன்றை நான் செத்ததாக நினைத்து இரண்டு நாள் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் என்னை வாட்டுகிறது. திரையில்லாத பலகையில் கெர்னலை மாற்றுகிறவர்கள் சீரியல் கம்பியை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

அங் மோ கியோவிலிருந்து:

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். முதன்முறையாகத் தொகுத்திருக்கிறேன். முதல் தடையாக 'பேட் ஷிம் சிக்னேச்சர்' (கையொப்பம் சரியில்லை) என்ற பிழை வந்தது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத கெர்னலை கிரப் ஏற்காது என்று அறிந்து, ஃபர்ம்வேரில் அதைத் தற்காலிகமாக அணைத்தேன். அடுத்து வந்தது 0,0. ஈசூன் அண்ணன் சொன்னபடி பட்டியலைப் பார்த்தேன், காலி. என்விஎம்இ டிரைவரை 'ஒய்' என்று மாற்றி மறுபடி தொகுத்து, ஜூரோங் அண்ணன் எழுதிய கிரப்-ரீபூட்டையும் பேனிக்=30 ஐயும் கொடுத்துவிட்டு விசையை அழுத்தினேன்.

மறுபடியும் பேனிக்தான், ஆனால் இம்முறை 259,2. பார்ட்டிஷன் பட்டியலில் என் வட்டின் பெயர் இருக்கிறது. ரூட்டை மவுண்ட் செய்ய முயன்ற கோப்பு முறைமைகளின் வரிசையில் விஃபாட் இருக்கிறது, என் ரூட் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 இல்லை. இதைப் படமெடுத்து முடிப்பதற்குள் முப்பது விநாடி ஓடி, பழைய கெர்னல் தானாக எழுந்து உள்நுழைவுத் திரை வந்துவிட்டது. இஎக்ஸ்டி4 ஐயும் 'ஒய்' என்று மாற்றி மீண்டும் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவை அந்தப் பழைய கெர்னலிலிருந்துதான் எழுதுகிறேன்.