வீடியோ காலில் தானாகப் பெரிதாகும் படம்: உங்களுக்கு நடந்தது என்ன?

இளம்பிள்ளையிலிருந்து:

வீடியோ காலில் சேலை விற்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பார்க்கிறவருக்கு வேண்டியது முந்தியும் பார்டரும், என் முகமல்ல. புது டேப் வாங்கியதும் அதுவே பெரிய பாடாகிவிட்டது. பாயில் சேலையை விரித்துவிட்டு ஓரமாக நகர்ந்தால் படமும் என் பின்னாலேயே வரும். முகம் பெரிதாகும், சேலை திரைக்கு வெளியே போய்விடும். "அக்கா, முந்தியக் காட்டுங்க" என்று கோயம்புத்தூர் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். காட்டிக்கொண்டுதான் இருந்தேன்! கடைசியில் அலுத்துப்போய் வைத்துவிட்டார். நல்ல மாம்பழக் கலர் சேலை, இன்னும் மனசு ஆறவில்லை.

ஸ்டாண்டைத் தள்ளி வைத்தாலும் மாறவில்லை. பக்கத்து வீட்டில் கல்லூரி படிக்கும் பெண்தான் காரணம் சொன்னாள். லென்ஸ் எதுவும் நகர்வதில்லையாம். கேமரா அகலமாக எடுக்கிறது, அதில் ஆள் இருக்கும் பகுதியை மட்டும் மென்பொருள் வெட்டிப் பெரிதாக்குகிறது. கால் ஓடும்போதே திரையை மேலிருந்து இழுத்து, வீடியோ எஃபெக்ட் பகுதியில் ஆட்டோ ஃப்ரேமிங்கை அணைத்துக் காட்டினாள். கால் இல்லாத நேரத்தில் நான் தேடியபோது அந்தப் பொத்தானே கண்ணில் படவில்லை, அதைக் கவனியுங்கள்.

அழகாபுரத்திலிருந்து:

வீணை சொல்லிக்கொடுக்கிறேன். தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் 24 மெட்டில் இடது கை எங்கே நிற்கிறது, தந்தியை எவ்வளவு இழுக்கிறது என்பது தெரியாமல் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, எப்படிப் பிடிபடும்? புது லேப்டாப்பில் தலையும் தோளும்தான் போய்க்கொண்டிருந்தன. பிள்ளைகள் பாவம், காதால் மட்டும் கேட்டு வாசித்தார்கள்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் கேமராஸ். உங்கள் கேமராவைத் தேர்ந்தெடுத்து ஆட்டோமேட்டிக் ஃப்ரேமிங்கை அணைத்தால் போதும். எல்லா லேப்டாப்பிலும் இது இருக்காது, ஏ.ஐ. வேலைகளுக்கென்றே உள்ள என்.பி.யு. சிப் வைத்த புதியவற்றில்தான். ஐபேடில் இதே வசதிக்கு சென்டர் ஸ்டேஜ் என்று பெயர், 2021இல் ஐபேட் ப்ரோவோடு வந்தது. கால் நடக்கும்போது வலது மேல் மூலையிலிருந்து இழுத்தால் கன்ட்ரோல் சென்டர் வரும், அங்கே அணைக்கலாம்.

ஏற்காட்டிலிருந்து:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் அம்மா ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசமாட்டார். வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு முன்பெல்லாம் சுவரும் காலி நாற்காலியும்தான் தெரியும். இப்போது அவர் திண்ணையில் எங்கே நடந்தாலும் ஐபேட் பிடித்துக்கொள்கிறது, பக்கத்தில் நான் போய் நின்றால் அகன்று இருவரையும் காட்டுகிறது. வயதானவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியைக் காட்ட வேண்டும் என்றால் பின் கேமராவுக்கு மாற்றிவிடுவேன். சென்டர் ஸ்டேஜ் முன் கேமராவில்தான் வேலை செய்யும்.

இளம்பிள்ளையிலிருந்து:

அம்மாவுக்கு அது இருக்கட்டும், சரி. பின் கேமரா எனக்கு ஒத்துவராதுங்க. டேப்பைத் திருப்பி வைத்தால் வாடிக்கையாளர் முகம் எனக்குத் தெரியாது. பிடித்ததா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த சேலையை எடுக்கிறேன். அப்புறம் ஒன்று: என் டேப்பில் ஒவ்வொரு ஆப்பிலும் தனித்தனியாக அணைக்க வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் முடித்துவிட்டேன், கூகுள் மீட்டை இன்று சாயங்காலம் பார்க்க வேண்டும்.