எண்பெயர்ப்பு: பூட்டு எண்களுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

எமுலேட்டர் கையேட்டின் தமிழாக்கத்தில் ஒரே பத்தியில் பத்து நாளாக நிற்கிறோம். ஒரு புராசசருக்கு எழுதிய நிரலைக் கியூஎமு என்ற அந்த எமுலேட்டர் இன்னொரு புராசசரில் ஓட்டும்போது, கோப்பைப் பூட்டும் (ஒரு நிரல் எழுதும்போது இன்னொன்று குறுக்கிடாமல் தடுக்கும்) அமைப்பு அழைப்பின், அதாவது நிரல் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) வைக்கும் கோரிக்கையின், எண்களை அந்தப் பக்கத்துக்குப் புரிகிற எண்களாக்கிக் கொடுக்கிறது. அந்த வேலைக்கு என்ன பெயர் என்பதுதான் கேள்வி. ('செயலி' என்ற சொல் கைபேசி ஆப்களுக்கே போய்விட்டதால் இந்த மடலில் புராசசர் என்றே எழுதுகிறேன். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.)

நேற்று வந்த இரண்டு கருத்துகள்:

> 'இணக்கமாக்கல்' போதும், எல்லோருக்கும் புரியும்.

> 'எண் மாற்றம்' என்று எளிதாக வைத்துவிடலாமே அண்ணா.

இணக்கமாக்கல் அகலமான சொல். பழைய பிரிண்டரைப் புதுக் கணினியில் ஓட வைப்பதும் இணக்கமாக்கல்தான். 'எண் மாற்றம்' பக்கத்தில் வருகிறது. ஆனாலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. அதைச் சொல்ல எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது ஆந்திராவில், சித்தூர் மாவட்டம் நகரியில். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. சில மாதம் முன்பு அப்பா நூல் கடைக்குப் போன் போட்டு, "இப்புடு நூலு அவசரம் லேது" என்றார். போனை எடுத்தது திருத்தணிப் பக்கத்திலிருந்து கடைக்குப் புதிதாக வந்திருந்த தம்பி. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இப்போது நூல் வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். தம்பிக்கோ, அவசரமில்லை, மெதுவாக அனுப்பினால் போதும் என்று கேட்டிருக்கிறது. மூன்றாம் நாள் காலை தறிக்கூடத்து வாசலில் நாலு மூட்டை நூல் இறங்கியது. இருவர் மேலும் குற்றமில்லை. சொல் ஓர் எழுத்துகூட மாறாமல் போய்ச் சேர்ந்தது, பொருள்தான் வழியில் மாறிவிட்டது.

பூட்டு எண்களிலும் இதேதான் நடக்கிறது. லினக்ஸில் எக்ஸ்86, ஆர்ம் என்ற இரண்டு புராசசர் வகைகளிலும், கோப்பைப் பூட்டும் எஃப்சிஎன்டிஎல் அழைப்புக்குக் கட்டளை எண் 5 என்றால் 'பூட்டு இருக்கிறதா பார்', 6 என்றால் 'பூட்டு', 7 என்றால் 'கிடைக்கும்வரை காத்திருந்து பூட்டு'. ஸ்பார்க், ஆல்ஃபா என்ற வேறு இரண்டு புராசசர் வகைகளில் இதே மூன்றுக்கும் 7, 8, 9. ஸ்பார்க் நிரல் 7 என்று சொல்லி விசாரிக்க மட்டுமே செய்கிறது. அந்த 7 அப்படியே எக்ஸ்86 கெர்னலுக்குப் போனால் அது காத்திருந்து பூட்டப் பார்க்கும்.

பூட்டின் வகை எண் இன்னும் ஆபத்து. எக்ஸ்86இல் படிக்கும் பூட்டு 0, எழுதும் பூட்டு 1, திறப்பது 2. ஸ்பார்க்கில் முறையே 1, 2, 3. கட்டளை எண்ணைச் சரிசெய்துவிட்டு வகை எண்ணை மறந்துவிட்டோம் என்று வையுங்கள். ஸ்பார்க் நிரல், 'எழுதப்போகிறேன், பூட்டு' என்று 2 அனுப்புகிறது. எக்ஸ்86 கெர்னலுக்கு அது 'திற'. அது திறந்துவிட்டு 0 என்று பதில் தருகிறது, அதாவது எல்லாம் சரி என்று. நிரல் நம்பி எழுதத் தொடங்குகிறது. இன்னொரு நிரலும் அதே நம்பிக்கையோடு அதே கோப்பில் எழுதுகிறது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இந்தப் பூட்டுகளை நம்பித்தான் தரவைக் காக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து 3 அனுப்பும்போதுதான், அப்படி ஒரு வகையே இல்லை என்று கெர்னல் பிழை சொல்லும். திறக்கும்போது வரும் பிழையை யார் பார்க்கிறார்கள்?

இப்போது என் தடைக்கு வருகிறேன். 'எண் மாற்றம்' என்றால் எண் மாறியது மட்டும் தெரிகிறது. பொருள் மாறாமல் இருப்பதற்காகத்தான் எண்ணை மாற்றுகிறோம் என்பது அதில் இல்லை. இந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது: மொழிபெயர்ப்பு. அதே அச்சில் 'எண்பெயர்ப்பு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. எண்பெயர்ப்பு அட்டவணை, எண்பெயர்க்காத கட்டளை, எண்பெயர்த்து அனுப்பியது என்று வினையாகவும் வளைகிறது. வினையாகாத கலைச்சொல் கையேட்டில் நாலு வரிகூட ஓடாது.

இது எல்லாவற்றையும் மூடாது என்பதும் உண்மை. எண்கள் ஒன்றாக இருந்தாலும் அவை உட்காரும் இடம் மாறும். அழைப்போடு போகும் 64 பிட் பூட்டு விவரத்தில், கோப்பில் எந்த இடத்திலிருந்து பூட்ட வேண்டும் என்று சொல்லும் எண் 32 பிட் எக்ஸ்86இல் 4ஆம் பைட்டில் தொடங்குகிறது, மொத்தம் 24 பைட். இன்றைய 32 பிட் ஆர்மில் அது 8ஆம் பைட்டில் தொடங்குகிறது, மொத்தம் 32. எட்டு பைட் எண்ணை எட்டின் மடங்கில்தான் வைக்க வேண்டும் என்பது ஆர்ம் வழக்கம், அதனால் நடுவில் 4 பைட்டும் கடைசியில் 4 பைட்டும் வெறுமையாகக் கிடக்கின்றன. இந்த மாற்றத்துக்கு முதலில் 'இடம்பெயர்ப்பு' என்று எழுதிவைத்தேன். ஈழத்து நண்பர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் என்னவாகக் கேட்கும் என்று தோன்றியதும் அழித்துவிட்டேன். 'அடுக்குப்பெயர்ப்பு' சரியாக இருக்குமா?

கடைசியாக, பூட்டுக்குப் பதில் 'தாழ்' வைக்கலாம் என்ற யோசனைக்கு. வேண்டாம். இங்கே தெலுங்கில் பூட்டையே தாளம் என்கிறார்கள், ஆனால் தமிழில் தாழ் என்றால் உள்ளே இருப்பவர் போடுவது. பூட்டு இருக்கட்டும்.

---

மறுமொழி:

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல். ஏவலாக 'எண்பெயர்' என்று எழுதினால் எண்ணின் பெயர் என்றே படிப்பார்கள். கட்டளை வரிகளில் என்ன செய்வாய்? அடுக்குப்பெயர்ப்பு எனக்குச் சம்மதம்.

---

மறுமொழி:

உண்மைதான் அக்கா, நான் அதைக் கவனிக்கவில்லை. ஏவலில் 'எண்பெயர்க்கவும்' என்று மட்டுமே எழுதுவோம், வெறும் 'எண்பெயர்' எங்கும் வேண்டாம். முதலில் வரும் இடத்தில் 'பொருள் மாறாமல் எண்ணை மாற்றித் தருதல்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். பூட்டுப் பகுதி முழுவதையும் இப்படித் திருத்தி இன்று இரவு ஏற்றிவிடுகிறேன். ஸ்பார்க் எண்களை மட்டும் நீங்கள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.